விமானக் கார்டுக்கு ஒரு சாட்சி

ராய்ப்பூர் விமான நிலையத்தில் ஒரு பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டிசம்பர் மாதம். பனிமூட்டத்தால் காலை விமானம் ரத்தாகி, எங்களைச் சாயங்கால விமானத்துக்கு மாற்றியிருந்தார்கள். எங்களை என்றால், என்னையும் என் முதலாளியையும். அவருக்கு வாலாஜாபாத் பக்கத்தில் அரிசி ஆலை. அவரிடம் பதினோரு வருடமாக அரிசியின் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். வடக்கே லாரிக்கணக்கில் அரிசி வாங்குவதற்கு முன்னால் நேரில் போய், ஈரம் எவ்வளவு, குருணை எவ்வளவு, பழுப்பேறியது எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காக வருடத்துக்கு மூன்று தடவை விமானம் ஏறுவேன். நான்காவது தடவை என்பது அபூர்வம்.

பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே வந்ததும் முதலாளி சொன்னார். "இங்கியே இரும்மா. முகம் கழுவிக்கினு வந்துடறேன்."

கண்ணாடிக் கதவு ஒன்றின் முன்னால் நின்று ஒரு கார்டை நீட்டினார். கதவு திறந்தது. போனவர் நான்கு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். அதுவரை என் காலடியில் மூன்று பைகள் இருந்தன. இரண்டில் ஒன்பது ஆலைகளின் அரிசி மாதிரிகள், ஒன்றில் அவருடைய லேப்டாப். கேட்பாரற்றுக் கிடக்கும் பைகளை எடுத்துப் போய்விடுவோம் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது. கழிப்பறைக்குப் போக வேண்டும். மூன்றையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்தச் சின்ன அறைக்குள் நானும் மூன்று பைகளும் நுழைய முடியவில்லை. திரும்பி வந்தால் என் நாற்காலியில் வேறொருவர். இன்னொன்றைத் தேடி உட்கார்ந்து, காலை இறுக்கிக்கொண்டு, புறப்பாட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த அம்மாளிடம் பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்றால் எனக்கு அந்த அளவுக்கு இந்தி வராது.

முதலாளி வந்ததும் ஓடினேன். திரும்பி வந்தபோது பல் குத்திக்கொண்டே சொன்னார். "உள்ள இட்லிகூட வெச்சிக்கீறான்மா. ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான் விடுவானாம், இல்லாட்டி உன்னயும் கூப்ட்டிருப்பேன். நீயும் ஒண்ணு வாங்கிக்க. இன்னா பெரிய விஷயம்?"

அவர் நல்ல மனிதர்தான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சென்னை வந்து, திரிசூலத்தில் மின்சார ரயில் பிடித்து, செங்கல்பட்டில் இறங்கி பஸ் ஏறி உத்திரமேரூர் வருகிற வரைக்கும் அந்தக் கதவையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

என் கணவருக்கு உத்திரமேரூர் கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை. சுற்றுவட்டார பம்ப்செட் மோட்டார்கள் எரிந்துபோனால் அவரிடம்தான் வரும். எதையும் முழுசாகப் படித்துப் பார்க்காமல் விடமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் செல்போனில் விமானக் கார்டுகளின், அதாவது விமானப் பயணத்துக்குச் சலுகை தரும் கிரெடிட் கார்டுகளின், நிபந்தனைகளைப் படித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

முதல் கார்டு ஒரு விமானக் கம்பெனியோடு சேர்ந்தது. அவர்கள் விமானத்தில் போகப் போக மைல்கள் சேரும், சேர்ந்தால் இலவச டிக்கெட். ஆனால் அந்தக் கம்பெனி நான் போகும் ஊர்களுக்குப் போகவில்லை. போகிற ஊர்களில் எனக்கு வேலை இல்லை. சேர்த்த மைல்களும் குறிப்பிட்ட காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அழிந்துவிடும். இரண்டாவது கார்டுக்கு எந்த விமானமானாலும் சரி. லவுஞ்சுக்குள்ளும், முதலாளி போன அந்தக் கண்ணாடிக் கதவுக்குள், விடுவார்கள். ஆனால் அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஒரு பெரிய தொகைக்குக் கார்டைத் தேய்த்திருக்க வேண்டும். மூன்றாவதற்கு வருடக் கட்டணம் கிடையாது, அதில் வேறு ஒன்றுமே கிடையாது.

"மாசம் நாலு வாட்டி பறக்கறவனுக்குத்தான் இதெல்லாம் போட்டுக்கீறான்" என்றார் கணவர். "வருஷத்துக்கு மூணு வாட்டி போறவளுக்கு எதுவும் ஒத்துவராது."

"அப்போ வேணான்றியா?"

"வேணான்னு சொல்லல. இருக்கறதுல ரெண்டாவது தேவல."

எனக்கும் அதுதான் மனதில் இருந்தது. இலவச டிக்கெட்டெல்லாம் நான் நினைக்கவே இல்லை. காத்திருக்கும் நேரத்தில் உட்கார ஓரிடம், பையை நம்பி வைத்துவிட்டுப் போய்வர ஒரு கழிப்பறை. அவ்வளவு போதும்.

விண்ணப்பித்த மறுநாள் கார்டு கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். எல்லா விவரமும் கேட்டாள், சம்பளத்தைக் கேட்டாள், குரலில் மரியாதை கூடிக்கொண்டே போனது. பின்கோடு சொன்னதும் அதை இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள்.

"மேடம், உங்க பின்கோடு சர்வீஸ் ஏரியால வரல. சென்னைல யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களா? அந்த அட்ரஸ் குடுத்தா ஓகே ஆயிடும்."

தாம்பரத்தில் என் கணவரின் அண்ணன் இருக்கிறார். அவரிடம் கேட்டால் மறுக்க மாட்டார். ஆனால் பிறந்ததிலிருந்து நான் இருக்கும் ஊரை விட்டுவிட்டு, தீபாவளிக்கு ஒரு தடவை போய்வரும் வீட்டை என் வீடு என்று எழுத எனக்குப் பிடிக்கவில்லை. என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலும் அதே மாதிரிக் கார்டு உண்டு. காஞ்சிபுரத்திலிருந்த அதன் கிளைக்கு நேரில் போனேன். மேலாளர் சிரித்த முகமாகப் பேசினார். சம்பளக் கணக்கு வழியாகப் போட்டால் பின்கோடு பிரச்சினை வராது, ஆனால் வீட்டைப் பார்க்க ஓர் ஆள் வருவார், வீட்டைப் படம் எடுப்பார், அக்கம்பக்கத்தில் இரண்டு வார்த்தை விசாரிப்பார், அவ்வளவுதான் என்றார்.

அந்த ஆள் வந்த அன்று நான் ஆலையில் இருந்தேன். போன் வந்தது.

"மேடம், வெரிஃபிகேஷனுக்கு வந்திருக்கேன். லேண்ட்மார்க் சொல்லுங்க. சீக்கிரம், இன்னும் மூணு ஊரு போகணும்."

உத்திரமேரூரை ஒட்டிய எங்கள் ஊர் இரண்டாக இருக்கிறது. ஏரி மதகிலிருந்து வரும் கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. நடுவில் வயல். நாங்கள் காலனி. என் அம்மாவும் செத்துப்போன என் நைனாவும் ஊர்க்காரர்களின் வயலில் கூலிக்குப் போனவர்கள். பள்ளிக்கூடத்தில், கல்லூரியில், ரேஷன் கார்டில் என்று காலனி என்ற சொல்லை எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறேன். அன்று அந்த ஆளிடம் சொல்ல வாய் வரவில்லை.

"தண்ணி டேங்க் கிட்ட வந்து கேளுங்க" என்றேன்.

ஊரிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, எங்கள் தெருவிலும் ஒன்று இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து வருகிறவனுக்கு ஊர்த் தொட்டிதான் முதலில் வரும். எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னேனா என்று அதற்கப்புறம் பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா சந்தோஷமாக இருந்தாள்.

"பேங்க்ல இருந்து ஆளு வந்தாம்மா. ஐயா வூட்டாண்டதான் வந்து கேட்டுக்கீறான். ஐயாவே எல்லாம் சொல்லி அனுப்பிட்டாராம். உன்னப் பத்தி ரொம்ப நல்லவிதமா சொன்னாராம்."

ஐயா என்று அவள் சொன்னது ஊரின் முதல் தெருவில் இருப்பவரை. பன்னிரண்டு ஏக்கர் நஞ்சை. என் அம்மா பதினைந்து வயதிலிருந்து அவர் வயலில் நடவு நட்டிருக்கிறாள், இப்போதும் போகிறாள். என் கணவரின் கடைக்கு வரும் மோட்டார்களில் பாதி அவருடையதும் அவர் பங்காளிகளுடையதும்தான்.

"நம்ம தெருவுக்கு வரலியா அந்த ஆளு?" என்று கேட்டேன்.

"எதுக்கு வரணும்? அதான் ஐயா சொல்லிட்டாரே."

பத்து நாள் கழித்துக் கையெழுத்துப் போட வங்கியில் கூப்பிட்டார்கள். மேலாளர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "உங்களப் பத்தி ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க மேடம்" என்று படித்தும் காட்டினார். விண்ணப்பதாரரைச் சிறுவயதிலிருந்து தெரியும், குடும்பமே எங்களிடம் வேலை செய்பவர்கள், நம்பிக்கையானவர்கள். கீழே ஒரு படம். பச்சைப் பெயின்ட் அடித்த பெரிய இரும்பு கேட், உள்ளே மாடி வீடு, ஓரமாக டிராக்டரின் பின்பக்கம்.

"வீடு நல்லா இருக்கே" என்றார் மேலாளர்.

அது என் வீடு இல்லை என்று அந்த நொடியிலேயே சொல்லியிருக்கலாம். பேனா கையில் இருந்தது. "எங்க போடணும் சார்?" என்று கேட்டேன். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது கன்னமெல்லாம் எரிந்தது. கணவரிடம்கூட ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். "வுடு, கார்டு வருதில்ல" என்றார் அவர்.

கார்டு கூரியரில் அவர் கடைக்கே வந்தது. வந்த மூன்றாம் நாள் ஐயா என்னை வரச்சொல்லி அம்மாவிடம் சொல்லியனுப்பினார். அம்மாவும் நானும் போனோம். படத்தில் பார்த்த அதே கேட். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, "உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தேன். அம்மா உட்காரவில்லை. அவள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் உட்கார்ந்ததை அவள் பார்த்த பார்வையில் பெருமையும் இருந்தது, எழுந்துவிடேன் என்ற கெஞ்சலும் இருந்தது.

"நான் சொன்னதாலதான் குட்த்தான் தெரியுமா?" என்றார் அவர். "அந்தப் பையன் அவசரத்துல என் வூட்டு கேட்டயே போட்டோ புடிச்சிக்கினு போய்ட்டான். நானும் ஒண்ணும் சொல்லல. நம்ம பொண்ணுக்கு நல்லது நடந்தா சரின்னு வுட்டுட்டேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

"டில்லில என் பொண்ணு கீதில்ல, முழுகாம கீது. நானும் என் சம்சாரமும் போவணும். கார்டுல போட்டா டிக்கெட்டு கம்மியா வருமாமே? போட்டுக் குடு."

அங்கேயே உட்கார்ந்து செல்போனில் போட்டேன். போக இரண்டு, வர இரண்டு. பணத்தை அன்றைக்கே எண்ணி அம்மா கையில் கொடுத்தனுப்பினார், ஒரு ரூபாய் குறைவில்லை. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் இன்னொன்று நடந்தது. அடுத்த தடவை ராய்ப்பூரிலிருந்து திரும்பும்போது அந்தக் கண்ணாடிக் கதவில் என் கார்டை நீட்டினேன். உள்ளே விட்டார்கள். நானாக அந்த மூன்று மாதத்தில் அவ்வளவு தொகைக்குக் கார்டைத் தேய்த்திருக்கவே முடியாது. நிபந்தனை நிறைவேறியது அந்த நான்கு டிக்கெட்டுகளால்தான். பையை வைத்துவிட்டு நிம்மதியாகக் கழிப்பறைக்குப் போய்வந்தேன். மெத்தென்ற சோபாவில் உட்கார்ந்தேன். இட்லி எடுத்துக்கொண்டேன். சாம்பாரில் சர்க்கரை போட்டிருந்தார்கள். எதிரில் முதலாளி. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றார். அவருக்கு என்னைவிட மகிழ்ச்சி. கார்டு கிடைக்கச் சாட்சி சொன்னவர் ஐயா. சோபாவில் உட்கார வைத்ததும் அவர் டிக்கெட்தான். இரண்டாவது இட்லியை அப்படியே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு போன்கள் வர ஆரம்பித்தன. மருமகனுக்கு ஒரு டிக்கெட். மச்சினர் குடும்பம் காசிக்குப் போக ஐந்து. ஒருமுறை ஆலையில் ஈரமானியை வைத்துக்கொண்டு ஒரு லோடையே நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். "உடனே போடும்மா, வெல ஏறிக்கினே போவுதாம்" என்றார். லாரி டிரைவர் எரிச்சலோடு பார்க்க, ஓரமாக நின்று ஓ.டி.பி. அடித்தேன். கை வலிக்கிறது, போன் சரியில்லை, சிக்னல் இல்லை என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். "சாய்ந்தரம் வூட்டாண்ட வா" என்பார்.

கணவர் ஒரு வழி சொன்னார். "அவருக்கே ஒரு கார்டு வாங்கிக் குடுத்துடேன். பேஜார் வுட்டுச்சு."

நல்ல யோசனையாகப் பட்டது. நானே அவர் வாசலில் உட்கார்ந்து அவர் விண்ணப்பத்தை நிரப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது, நிராகரிப்பு. சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரி கட்டியதற்குத் தாள் இல்லை, விவசாயம் என்றால் அவர்கள் கணக்கில் வருமானமாகத் தெரிவதில்லை. பன்னிரண்டு ஏக்கரும் டிராக்டரும் மாடி வீடும் அந்த விண்ணப்பத்தில் எங்கேயும் எழுத இடமில்லாமல் போயின. அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது அவர் முகம் போன போக்கை நான் பார்த்திருக்க வேண்டாம்.

"உனக்குக் குட்த்தான். எனக்கு இல்லியாமா?"

"சம்பளச் சீட்டு கேக்கறாங்க ஐயா. அதான்…"

"எங்கிட்ட கூலிக்கு வர்றவளோட பொண்ணுக்குக் குட்த்தான்."

என்னிடம் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா, தெரியவில்லை. எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததால் எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு மாதம் போன் இல்லை. பிறகு ஒருநாள் கடைக்கே வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், ஒருவருடைய கார்டிலேயே இன்னொருவர் பெயருக்குக் கூடுதல் கார்டு வாங்கலாம் என்று.

"என் பேர்ல ஒண்ணு எழுதிக் குடும்மா. உன்னத் தொந்தரவே பண்ண மாட்டேன்."

"அது வூட்டு ஆளுங்களுக்குத்தான் ஐயா தருவாங்க."

"வூடு எதுன்னுதான் போட்டோவுல கீதே" என்றார் சிரிக்காமல். "கேட்டு என்னுது, கார்டு மட்டும் உன்னுதா?"

கணவர் கையில் செப்புக் கம்பியோடு அப்படியே நின்றார். நான் சொன்னேன். "இல்லீங்க ஐயா. அது என்னால முடியாது. டிக்கெட்டும் இனிமே போட முடியாது."

அவர் சத்தம் போடவில்லை. கடைக்குள் பார்த்தார். "அந்த ரெண்டு மோட்டாரயும் வண்டில ஏத்து" என்றார். ஒன்று பாதி காயில் கட்டியிருந்தது. கணவர் இரண்டையும் ஏற்றிவிட்டார். வண்டி போனதும், "போனா போவுது, வேற மோட்டாரு வராமலா பூடும்?" என்றார். ஆனால் அந்தச் சித்திரை முழுக்க மத்தியானத்திலேயே கடையைப் பூட்டிவிட்டு வந்தார்.

அடுத்த நடவுக்கு அம்மாவைக் கூப்பிடவில்லை. அவளுடைய கூட்டாளிகளெல்லாம் காலையில் கால்வாயைத் தாண்டிப் போனார்கள். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு வேலைக்குப் போக வேண்டிய வயதா, நான்தான் சம்பாதிக்கிறேனே என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். இப்போது அதையே சொல்ல நா எழவில்லை.

"இன்னாடி பெருசா கேட்டுட்டாரு?" என்றாள் அம்மா. "ஒரு அட்டதானே. நாப்பது வருசம் நட்ட கழனி எனக்கு."

அவளுக்கு விளக்கப் பார்த்தேன். வங்கி, பெயர், பொறுப்பு என்று என்னென்னவோ சொன்னேன். அவள் பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் அரைநாள் லீவு போட்டுவிட்டு வங்கிக்குப் போனேன். அதே மேலாளர், அதே சிரித்த முகம். மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன்.

"சார், கார்டுக்கு எடுத்த போட்டோ என் வீடு இல்ல. அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. மறுபடியும் ஆள அனுப்புங்க. எங்க வீடு காலனில இருக்கு. நானே லீவு போட்டுட்டு வீட்ல இருக்கேன்."

அவர் கொஞ்சம் குழம்பித் திரையைப் பார்த்தார். எதையோ தட்டினார். "வெரிஃபிகேஷன் க்ளோஸ் ஆயிடுச்சு மேடம். இப்போ அதைத் தொறக்கவே முடியாது. கார்டு நல்லா வேலை செய்யுதில்ல?"

"செய்யுது சார். ஆனா தப்பான வீடு."

"அதை யாரும் பாக்கப்போறதில்ல மேடம். வேணும்னா இந்தக் கார்ட கேன்சல் பண்ணிட்டு புதுசா அப்ளை பண்ணலாம். இப்போ ரூல்ஸ் மாறியிருக்கு. உங்க பின்கோடுக்குக் குடுப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது." குரலைத் தாழ்த்தி, "எதுக்கு மேடம், கிடைச்சதை வெச்சுக்கோங்க" என்றார்.

அவரும் நல்ல மனிதர்தான். எனக்கு உதவி செய்வதாகவே நினைத்தார். எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அடுத்து நின்ற பெரியவர் தன் பாஸ்புத்தகத்தை என் தோளுக்கு மேலாக நீட்டினார். நான் நகர்ந்துகொண்டேன்.

கேன்சல் செய்யச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வரும் வியாழக்கிழமை மறுபடி ராய்ப்பூர். முதலாளி ஏற்கெனவே டிக்கெட் போடச் சொல்லிவிட்டார். என் கார்டில்தான் போட்டேன். இந்த மூன்று மாதத்தில் என் இரண்டு டிக்கெட்டைத் தவிர வேறு எதுவும் அதில் ஏறவில்லை. எனவே அந்தக் கதவு இந்தத் தடவை திறக்காது. பைகளைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறேன். மாதிரிகளைச் சின்னப் பொட்டலமாகக் கட்டினால் ஒரே பைக்குள் அடங்கிவிடும் என்கிறார் கணவர். நேற்றுச் சாயங்காலம் அவரும் நானும் உட்கார்ந்து பழைய துணியில் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்துக்கொண்டிருந்தோம். அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எதுவும் கேட்காமல் ஓர் ஊசியை எடுத்து நூல் கோத்தாள்.